ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி இல்லை

உளவியல் பயிலும் மாணவர் மூவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தனர். பல சமயத்தாரிடையும் சமூகத்தாரிடையும் பணியாற்றுவதற்கான பயிற்சி, இப்போது அவர்களுடைய பாடத்திட்டத்தில் தனித் தாளாகவே இடம்பெற்றிருக்கிறதாம். ஓய்வுபெற்றோரிடம் தகவல் திரட்டுவதற்கென அச்சிட்ட வினாப்பட்டியல் ஒன்றைத் தந்தனர். ஏழாம் வினா இது: “உங்கள் பயிற்சிக் காலத்தில் இத்தகைய கருத்தரங்குகள் நடைபெற்றனவா? ஆம் / இல்லை.” நான் ‘ஆம்’ என்பதை வட்டமிட்டேன். விளக்கம் எழுதுவதற்கு அதன்கீழ் ஒன்றரை வரி இடம் விட்டிருந்தார்கள். அவ்விடம் போதாமையால் இக்கட்டுரை.

நான் ஜேடர்பாளையத்துக்கு அருகில், காவிரிப் பாசனத்தில் கரும்பும் மஞ்சளும் பயிரிட்ட வேளாண் குடும்பத்தில் பிறந்தவன். உளவியலில் முதுகலை முடித்து, எழுபதுகளின் பிற்பாதியில் சேலத்து மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். உடன் சேர்ந்தவர் ஐவர். ஆறு பேருக்கும் இரண்டு மேசைகள். ஓர் அலமாரி நிறைய வேற்று நாட்டாருக்கென ஆக்கப்பட்ட சோதனைத் தாள்கள். முதல் மூன்று மாதங்களில் அத்தாள்களை மொழிபெயர்த்தோம், மனப்பாடம் செய்தோம், வந்தவர்களிடமெல்லாம் அவற்றை நடத்தினோம். அக்காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்குத் தலைமையேற்றிருந்தவர் சுலோசனா அம்மையார். ஆத்தூர்ப் பக்கத்தவர், ஐம்பதை நெருங்கியவர். குரலை உயர்த்தியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பயிற்சியாளர் தம் குறிப்பைப் படிக்கும்போது அம்மையாரின் கையில் பேனா திறந்திருக்கும். ஐயம் தோன்றும் இடத்தில் பேனாவை மூடுவார். மூடியபின், “யாரு சொன்னது?” என்று கேட்பார். கேள்வி அவ்வளவே. “நோயாளியின் தாய் சொன்னார்” என்று விடை வந்தால் பேனா மீண்டும் திறக்கும். “நானே ஊகித்தேன்” என்று வந்தால், அந்தத் தாள் கையொப்பமின்றித் திரும்பிவிடும். தவறு என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

வியாழக்கிழமைதோறும் பிற்பகல் இரண்டரை மணிக்கு அவர் ஒரு கூட்டம் நடத்தினார். கருத்தரங்கு என்ற பெயர் அலுவலகக் கோப்பில் மட்டும் இருந்தது. நாங்கள் ‘வியாழக் கூட்டம்’ என்போம். வாரத்துக்கு ஒரு விருந்தினர் வருவார். அவர் பேராசிரியராகவோ மருத்துவராகவோ இருக்கமாட்டார். நெசவு செய்பவர், சேந்தமங்கலத்துச் சந்தைக்குக் கொல்லிமலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவருபவர், பள்ளிவாசல் தெருவில் தையற்கடை வைத்திருப்பவர் என எவரேனும் ஒருவர். அம்மையாரின் கைவைத்த நாற்காலியில் விருந்தினர் அமர்வார். அம்மையார் எங்களோடு விசுப்பலகையில் அமர்வார். பெயரும் ஊரும் நீக்கிய நோயாளிக் குறிப்பொன்றை நாங்கள் படிப்போம். அந்த நடத்தை தம்மவரிடையே இயல்பா, இயல்பன்றா என்று விருந்தினர் சொல்வார். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் மூன்று கட்டங்கள் வரைந்திருக்கும்: ‘வழக்கில் உள்ளது’, ‘வழக்கில் இல்லாதது’, ‘தெரியாது’. மூன்றாம் கட்டத்தில் குறியிட எங்களில் எவருக்கும் மனம் வந்ததில்லை. படித்தவர்களுக்கு அந்தக் கட்டம் எதற்கு என்று எண்ணினோம்.

அக்கூட்டங்களில் என்னை முதன்முதலில் அசைத்தவர் மேச்சேரியிலிருந்து வந்த ஆட்டுக்காரர். அவருடைய ஊர்ப்பக்கத்து உழவர் ஒருவருக்கு நான் அறிவுத்திறச் சோதனை நடத்தி, மிகக் குறைந்த மதிப்பெண் வழங்கியிருந்தேன். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் உள்ள ஒற்றுமை யாது என்ற வினாவுக்கு அவ்வுழவர் விடையே கூறவில்லை. அதே வினாவை விருந்தினரிடம் கேட்டேன்.

“ஒத்துமையா? அதுக ரெண்டுக்கும் ஏதுங்க ஒத்துமை?” என்றார் ஆட்டுக்காரர். “இது குனிஞ்சு மேயும், அது எக்கி எக்கி மேயும். ரெண்டையும் ஒண்ணா ஓட்டிட்டுப் போனா மேய்க்கறவன் காலு போயிருமுங்க.”

“இரண்டும் விலங்குகள் இல்லைங்களா?” என்று நான் விடையை எடுத்துக்கொடுத்தேன்.

அவர் என்னைச் சற்றே இரக்கத்தோடு பார்த்தார். “ஏனுங்க சாமி, அது தெரியாமயா மேய்ச்சிட்டிருக்கறேன்? நீங்களும் நானும் மனுசங்கன்னு யாராச்சும் நோட்டுல எழுதி வெச்சுக்குவாங்களா? அதைப் போயி ஒரு கேள்வின்னு கேக்கறீங்களே!”

அம்மையார் உட்பட அனைவரும் சிரித்தோம். நானும் சிரித்தேனாயினும், உள்ளூர ஒன்று நிகழ்ந்துவிட்டது. அன்றுவரை குறை என்று எழுதியவற்றையெல்லாம் வழக்கம் என்று எழுதத் தொடங்கினேன். மாமனார்முன் மருமகள் பேசவில்லையா, வழக்கம். கிழவர் நாளெல்லாம் வயலில் அமர்ந்து தமக்குத்தாமே பேசுகிறாரா, வழக்கம். ஒரு வழியில் மூடனாயிருந்தவன் மறுவழியில் மூடனானேன். அப்போது எனக்கு அது ஞானமாகவே தோன்றியது.

பங்குனி வெயில் கடுமையாகத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை, பிலோமினா என்னும் பெண்மணியை அவருடைய அண்ணன் அருளப்பன் அழைத்துவந்தார். இருவரும் சேலம் நகரத்துக் கத்தோலிக்கர்கள். அண்ணன் இரயில்வேயில் வேலை பார்த்தார். தங்கைக்கு வயது முப்பத்தெட்டு; பங்குக்கோயிலை ஒட்டிய பள்ளியில் தையல் கற்பித்துவந்தவர். அவருடைய கணவர் சவரிமுத்து, லாரிப் பட்டறையொன்றில் இயந்திரம் பழுதுபார்த்தவர், ஐந்து மாதங்களுக்கு முன் வேலை செய்துகொண்டிருந்தபோதே மார்பு வலித்து இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை.

பிலோமினா ஒடுங்கிப்போயிருந்தார். கன்னத்து எலும்பு துருத்தியிருந்தது. சேலையின் கொசுவம் இடுப்பில் நிற்காமல் அடிக்கடி இழுத்துச் செருகிக்கொண்டார். ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டேன்.

“ஒருசந்திங்க” என்றார், நிலத்தைப் பார்த்தபடி. “தவக்காலம் இல்லீங்களா.”

அந்தச் சொல் எனக்குப் புதியதன்று. நாளில் ஒருவேளை மட்டும் உண்டு நோன்பிருப்பதை ஒருசந்தி என்பது எங்கள் வீட்டிலும் வழக்கு. புரட்டாசி சனிக்கிழமைகளில் என் தாயார் இருப்பார். கத்தோலிக்கர்கள் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் நாற்பது நாள் நோன்பிருப்பார்கள் என்றும் படித்திருந்தேன். சொல்லும் தெரியும், நாட்கணக்கும் தெரியும். எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவுசெய்துகொண்டேன்.

அருளப்பன் மட்டும் நிம்மதியில்லாமல் இருந்தார். “முன்னெல்லாம் இந்த மாதிரி இருந்ததில்லீங்க சார். நேத்து ஞாயித்துக்கிழமை, என் சம்சாரம் கறிக்குழம்பு வெச்சுக் கொண்டுபோயிக் குடுத்தா. ஒரு வாய் தொடலை.”

நான் அதையும் எழுதிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் ஒரு நேர்த்திக்கு நோன்பு தொடங்கினால் அது முடியும்வரை இடையில் ஒருநாளும் விடுவதில்லை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தி, நோன்பின் உறுதிக்குச் சான்றாகவே எனக்குப் பட்டது.

“உங்கள் சமயத்தில் இது வழக்கம்தானே?” என்று அவரிடம் சொன்னேன். கேள்வியின் வடிவில் இருந்தாலும் அது கேள்வியாக இல்லை.

அவர் ஒருகணம் தயங்கினார். பிறகு, “ஆமாங்க சார்” என்றார்.

‘வழக்கில் உள்ளது’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். மருத்துவர் பார்வைக்கு அனுப்ப வேண்டுமா என்ற இடத்தில், “தவக்காலம் முடிந்தபின் வரலாம்” என்று எழுதி, இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். எழுத்து அழகாக அமைந்திருந்தது என்பதுகூட இன்றும் நினைவில் இருக்கிறது.

அவ்வார வியாழக் கூட்டத்துக்கு நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். என் குறிப்பை நானே முன்வந்து படித்தேன். பிறருடைய நம்பிக்கையை நோயென்று கருதிவிடாமைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு என்ற முன்னுரையோடு படித்தேன். படித்து முடித்ததும் அம்மையார் ஓட்டுநரைப் பார்த்தார்.

“அவங்க கோயிலு வழக்கமெல்லாம் நமக்குத் தெரியாதுங்கம்மா” என்றார் ஓட்டுநர். “வேண்டுதல்னா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போவேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணுங்க. எங்க வண்டியில மூணு நாளு சோறு திங்காத டிரைவரை ஸ்டியரிங் புடிக்க உட மாட்டோம். எந்தச் சாமிக்கு இருந்தாலுஞ் சரி.”

யாரோ சிரித்தார்கள். அப்போது என் உடன்பயிற்சியாளரான ரீத்தா, அதுவரை வாய் திறவாதிருந்தவர், “ஞாயித்துக்கிழமை அவங்க என்ன சாப்பிட்டாங்க?” என்று என்னைக் கேட்டார். ரீத்தாவும் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவரே.

“ஒன்றுமில்லை. கறிக்குழம்பையே தொடவில்லை” என்றேன், பெருமையாக.

“ஞாயித்துக்கிழமை ஒருசந்தி கிடையாதே.”

“கிடையாது என்றால்?”

“கிடையாதுன்னா கிடையாது. நாப்பது நாள் கணக்குல ஞாயித்துக்கிழமை சேராது. எங்க வீட்டுல தவக்காலத்து ஞாயித்துக்கிழமைன்னா வாரம் முழுக்கச் சாப்பிடாததைச் சேத்து வெச்சுச் சாப்பிடுவாங்க. அன்னிக்கும் ஒருத்தங்க சாப்பிடலைன்னா அது ஒருசந்தி இல்லை. வேற என்னமோ.”

அம்மையார் பேனாவை மூடினார்.

“வழக்கம்னு யாரு சொன்னது?”

“அவருடைய அண்ணன்…” என்று தொடங்கினேன். பொய் நாவில் நிற்கவில்லை. “நான் சொன்னேன் மேடம். அவர் ஆமாம் என்றார்.”

அம்மையார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே கால். “இன்னிக்கு வியாழன். திங்கக்கிழமைலேருந்து மூணு நாள் ஆச்சு. கூட்டம் முடிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் இப்பவே அந்த வீட்டுக்குப் போங்க. ரீத்தா பேசட்டும். நீங்க கேளுங்க” என்றார். கடைசி இரண்டு சொற்களும் எனக்கு.

அருளப்பன் முகவரி குறிப்பில் இருந்தது. நகரப் பேருந்தில் சூரமங்கலம்வரை சென்று, அங்கிருந்து நடந்தோம். வழியில் ரீத்தா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒருமுறை மட்டும், “எதிர் மேசையிலதானே நான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். நூலில் படித்ததைப் பெரிதென மதித்தவன், எதிரில் இருந்தவரை மதிக்கவில்லை, அதுதான் உண்மை.

அருளப்பனும் அவர் மனைவியும் எங்களை அடுத்த தெருவில் இருந்த தங்கை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். பிலோமினா அறையின் மூலையில் பாயில் சுருண்டிருந்தார். வெயில் அந்தச் சிறிய ஓட்டு வீட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர். முந்திய நாள் காலை வைத்தது என்றார் அண்ணன் மனைவி. ஒரு மிடறும் குறையவில்லை. உதடுகள் வெடித்திருந்தன.

ரீத்தா பாயின் ஓரத்தில் அமர்ந்து, “அக்கா, நோயாளிக்கு ஒருசந்தி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்றார்.

“தெரியும்மா.”

“அப்ப இது என்ன?”

பிலோமினா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “அன்னிக்குக் காலைல அவருக்கும் எனக்கும் சண்டை. சாப்பாடு கட்டிக் குடுன்னு கேட்டாரு. முடியாது, போயி எங்கயாச்சும் தின்னுக்கன்னு சொல்லிட்டேன். பட்டறையில அவரு வயிறு காலியாத்தான் விழுந்திருக்காரு. சோத்தைப் பாத்தா எனக்கு அதுதான் தெரியுது. எனக்கு எதுக்குச் சோறு? தவக்காலம் வந்தது நல்லதாப் போச்சு. யாரும் ஏன்னு கேக்கல.”

ஐந்து மாதங்களாக அவர் சிறிது சிறிதாக உணவைக் குறைத்துவந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் துக்கம் என்றார்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்குப் பின் பக்தி என்றார்கள். நான் அதற்கு அலுவல்முறையில் குறியிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவர் சாகத் துணிந்திருந்தார். அத்துணிவை மறைப்பதற்கு ஒரு போர்வையை நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

அருளப்பன் குதிரை வண்டி பிடித்துவந்தார். தங்கையைத் தூக்கி அமர்த்தியபின் அவரிடம், “அன்று நான் கேட்டபோது நீங்கள் ஏன் மறுக்கவில்லை?” என்றேன். என் வாழ்வில் நான் கேட்ட கேள்விகளில் மிக நேர்மையற்றது அதுவாகத்தான் இருக்கும்.

அவர் சினங்கொள்ளவில்லை. “நீங்க படிச்சவரு சார். எங்க வேதத்தைப் பத்தி எங்களைவிட உங்களுக்கு அதிகமாத் தெரிஞ்சிருக்கும்போலன்னு நினைச்சுட்டேன். எதுத்துச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு” என்றார்.

மருத்துவமனையில் அன்று மாலையே குளுக்கோஸ் ஏற்றினார்கள். மனநல மருத்துவர் வந்து பார்த்து, கடுமையான மனச்சோர்வு என்று முடிவுசெய்து மருந்து தொடங்கினார். இன்னும் ஓரிரு நாள் கழித்து வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்று அவர் அம்மையாரிடம் கூறியது என் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றே கூறியிருக்கலாம்.

மறுநாள் வேலையிலிருந்து விலகுவதாக ஒரு மடல் எழுதி அம்மையாரிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்தார். மடித்தார். “இதை எழுதுனா அந்த அம்மா சாப்பிடுவாங்களா?” என்றார். “காலையில ஏழு மணிக்குக் கஞ்சி வருது. பக்கத்துல ஆள் இருக்கணும். அது உங்க வேலை” என்று சொல்லி, மடலை என்னிடமே திருப்பித் தந்தார்.

நாள்தோறும் ஏழு மணிக்குச் சென்று அமர்ந்தேன். முதல் இரண்டு நாட்களும் கஞ்சி அப்படியே ஆறிப்போயிற்று. மூன்றாம் நாள் ஒரு கரண்டி. பேச்சு எதுவும் இல்லை. எனக்கும் பேசும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. இரண்டாம் வாரத்தின் நடுவில், பாதி உண்ட கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “உப்பே இல்லை. இதை மனுசன் குடிப்பானா?” என்றார். நான் ஓடிச்சென்று அம்மையாரிடம் சொன்னேன். “தேதியோட எழுதுங்க. குறை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க” என்றார் அவர். அவருடைய முகத்தில் அத்தகைய சிரிப்பை அதற்குமுன் நான் கண்டதில்லை. உயிர்ப்பு ஞாயிறு மருத்துவமனையிலேயே கழிந்தது. ரீத்தா தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிக்குழம்பில் இரண்டு துண்டும், தட்டு நிறையச் சோறும் அவர் உண்டார். வைகாசியில் பள்ளிக்குத் திரும்பினார்.

அதன்பின் கூட்டத்தின் நடைமுறையில் அம்மையார் ஒரு மாற்றம் செய்தார். குணமடைந்தவர்கள் விரும்பினால் அவர்களும் விருந்தினராக வரலாம் என்றார். அலுவலகத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டுப் பயிற்சியாளர்கள் வந்து சேர்ந்த காலத்தில், எண்பதுகள் பிறந்திருந்தன, நான் அப்பிரிவிலேயே பணியில் அமர்ந்திருந்தேன். ஆவணி மாதத்து வியாழன் ஒன்றில் பிலோமினா அந்தக் கைவைத்த நாற்காலியில் வந்து அமர்ந்தார். நீலச் சேலை, பருமனும் சற்றுக் கூடியிருந்தது. என்னைக் கண்டதும், “இந்த சார்தான் எனக்குச் சாப்பாட்டுக் காவல்” என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தார்.

என் பிழையை நானே முதலில் எழுந்து சொன்னேன். எழுதிய கட்டம், எழுதிய சொற்கள் அனைத்தையும் சொன்னேன். புதியவர்கள் தலைகுனிந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர், குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, மிகுந்த பணிவோடு கேட்டார்: “அம்மா, உங்கள் சமயத்தில் கணவரை இழந்த பெண்கள் துக்கத்தை எப்படி வெளிப்படுத்துவது வழக்கம்?”

பிலோமினா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, எங்க சமயத்தைக் கேக்கறீங்களா, என்னையக் கேக்கறீங்களா?”

அந்த இளைஞர் விழித்தார்.

“சமயத்தைன்னா பங்குச் சாமியாரு இருக்காரு, நல்லாச் சொல்லுவாரு. என்னையன்னா நான் சொல்லறேன்.”

“உங்களைத்தாம்மா” என்றார் அவர், குறிப்பேட்டை மூடி.

“அப்ப எங்க வீட்டுக்காரர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்” என்று பிலோமினா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பட்டறையில இருந்து வந்தா மனுசன் கையக் கழுவ மாட்டாரு. நேராப் போயி ரேடியோவைத் திருகுவாரு. ரேடியோ பூராக் கிரீஸு. அந்தக் கிரீஸை இன்னும் நான் துடைக்கல.”

நிறுத்திச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மேலும் சொல்லலானார். மணி ஐந்தாகியும் எவரும் எழுந்திருக்கவில்லை.